தலைக்கு மேல் போகாத பந்து

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அம்பயரக்கா என்று பெயர். இரவெல்லாம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு காலை ஊழியர்கள் ஆடும், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு நடுவராக நிற்பாள். காலணா வரும்படி கிடையாது. ஆனால் சலவைக்கூட அணியின் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர், அவளுடைய சூப்பர்வைசர். பகல் ஷிப்ட் அவர் கையில் இருந்தது. மகள் விழித்திருக்கும் நேரத்தில் தானும் விழித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அன்று நிற்கும்போதே கண் செருகியது. கடைசி இன்னிங்ஸ். சலவைக்கூடம் ஒரு ரன் முன்னால். மட்டை பிடித்த சமையலறை அணிக்கு இன்னும் ஒரு அவுட்தான் பாக்கி, அவர்களில் இரண்டு பேர் ரன்னுக்கு ஓடத் தளங்களில் காத்திருந்தார்கள். மெதுவாக வளைந்து வந்த முதல் பந்து மட்டையில் லேசாக உரசி, நேரே சூப்பர்வைசரின் கையுறைக்குள் போய் விழுந்தது.

"அவுட்டு," என்றார் அவர். அணி ஓடிவந்து கட்டிக்கொண்டது. மட்டையாளனே மட்டையைப் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீட்டுக்குப் போய் படுத்துவிடலாம். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"அவுட் இல்ல. ஸ்ட்ரைக் மட்டும்தான். தம்பி, திரும்பி வா."

சூப்பர்வைசர் முகம் சிவந்தது. "புடிச்சேன்லம்மா?"

"புடிச்சீங்க சார். ஆனா அவன் தலைக்கு மேல எழும்பிப் போயிருந்தாத்தான் அது கேட்ச். இது உரசிட்டு நேரா வந்துது. முதல் ஸ்ட்ரைக்குன்னுதான் கணக்கு, மூணு ஆனாத்தான் அவுட்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவர் எதை யோசிக்கச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "யோசிச்சுட்டேன் சார்."

அடுத்த பந்து எல்லைக் கம்பியில் போய் மோதியது. இருவரும் ஓடி வந்தார்கள். ஆட்டம் சமையலறைக்கு.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் அவரிடம் போனாள். எப்படியும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"சார், அந்தப் பகல் ஷிப்ட்டு..."

கையுறையைப் பைக்குள் திணித்தபடி சொன்னார்: "அத வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா. போன வாரமே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா நீ இன்னைக்கு அம்பயரா வந்து நின்னிருப்பியா?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அங்கேயே, புல்தரையில், கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.