சுகிர்தத்தின் வலது தோள்

சுகிர்தம் அக்கா தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து ஒற்றையறை வரிசையில், பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார். மலையிலும் எனக்கு அடுத்த நிரை அவருடையதுதான். கொழுந்து கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறிய வேண்டும். போன மழைக்காலத்தில் அவர் கையைத் தூக்காமல், உடம்பைச் சாய்த்து எறியத் தொடங்கினார். எறியும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார்.

ஒரே மகன் அன்டன், ஹட்டன் டவுனில் ஒரு ஜிம்முக்குக் கூட்டித் துடைக்கப் போனவன். பிறகு பயிற்சியாளர் பரீட்சைக்குப் படித்தான். காம்பராச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், தோலுரித்த மனிதனின் சதைப் படம் ஒன்றை ஒட்டியிருந்தான்.

"மாதாவுக்குப் பக்கத்துல நிக்கிறான், ஒரு சட்டையாவது போட்டு விடுடா" என்பார் அக்கா.

"தோலே இல்லாதவனுக்குச் சட்டையாம்மா?"

அம்மா கையை உயர்த்தாமல் தலையைக் குனிந்து கொண்டை போடுவதைப் பார்த்துத்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த மூட்டுல கிண்ணம் ஆழமில்லம்மா, சாசர் மாதிரி. அதுல பந்து உக்காந்திருக்கு. உள்ள நாலு சின்னச் சதை அத நழுவாம புடிச்சிருக்கு. ஒனக்கு மேல் சதை எலும்புல ஒரசுது."

"நாலு பேரு இருக்கானுங்களா? ஒரு நாளும் காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்க வரலியே."

கொழுந்து நிரையை விடாமல் இருக்க வேண்டும், அக்காவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அன்டன் கதவில் ரப்பர் பட்டியைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து இழுக்கச் சொன்னான். வலித்தால் நிறுத்த வேண்டும், வலிக்காவிட்டால் பாரம் கூட்டலாம் என்று படித்திருந்தான். தினமும் கேட்டான்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

எங்களிடம் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. வலிக்கிறது என்று சொன்னவளைக் கணக்கப்பிள்ளை புல் வெட்ட அனுப்பிவிடுவார். நிரை வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் அவர் கேட்டு முடிக்கும் முன்பே 'இல்ல' வந்துவிடும். அன்டன் லயத்தில் பிறந்தவன், ஆனால் மலையில் நின்றவன் இல்லை. அவன் நம்பினான். பாரத்தைக் கூட்டினான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மணல் நிரப்பிய போத்தலைக் கொடுத்துப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னான். நான் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அக்கா உதட்டைக் கடித்திருந்தார்.

"வலிச்சா சொல்லும்மா."

"இல்லடா, நீ பாரு."

நனைந்த துணி கிழிவதைப் போல ஒரு சத்தம். போத்தல் உருண்டது. கை தொங்கியது.

தசையை எலும்போடு பிடித்திருக்கும் நாண் பல வருடமாகத் தேய்ந்திருந்தது, இப்போது அறுந்துவிட்டது, தைத்தாலும் பழைய மாதிரி தூக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"ஏம்மா சொல்லல?" அன்டன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கணக்கப்புள்ளகிட்டச் சொல்லிச் சொல்லி, வாயில அதுதான்டா வருது."

அக்காவின் நிரையில் இப்போது தனுஷிகா கொழுந்து எடுக்கிறாள். அன்டன் பரீட்சைக்குப் போகவில்லை. சுவரில் சதைப் படம் இருந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. ஜிம்மில் மறுபடியும் கூட்டித் துடைக்கிறான்.

காலையில் வேலைக்குப் போகுமுன் அம்மாவை வாசற்படியில் உட்காரவைத்துத் தலை வாரிவிடுகிறான். நேற்று, சீப்பு ஒரு சிக்கில் மாட்டிக்கொண்டது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

அன்டன் சீப்பைக் கீழே வைத்தான். விரலால் ஒவ்வொரு முடியாகச் சிக்கெடுக்கத் தொடங்கினான்.