எல்லா அலையிலும் கேட்ட இரைச்சல்

ரேடியோவைப் போட்டால் மற்றவர்கள் பாட்டைத் தேடுவார்கள். சூசைரட்ணம் நிலையமே இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வெறும் இரைச்சலைக் கேட்பார். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் அவர் எலெக்ட்ரீஷியன். அலையின் பலத்தைக் காட்டும் பச்சை விளக்குக் கண் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து, மத்திய அலையில் இவ்வளவு, சிற்றலையில் இவ்வளவு என்று கொப்பியில் குறித்துவைப்பார். பதினைந்து வருஷம் அதுதான் பழக்கம்.

"ஆளில்லாத எடத்துல யாருண்ணே பாடுறா?" என்பான் அடுப்புக்கு விறகு தள்ளும் மாயாண்டி.

"ஒன்னய விட நல்லா பாடுறான். பேசாம இரு."

கூடவே இருந்து மாயாண்டிக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. ஹட்டனில் பழைய ரேடியோ வால்வு ஒன்று வாங்கி, தானே ஒரு சின்ன ரேடியோப் பெட்டி செய்து, தான் குடியிருந்த தொழிலாளர் லயத்துக் கூரையில் கம்பி இழுத்தான்.

1957இல் தோட்டத்துத் துரையின் பங்களா ரேடியோவில் ஒரே இரைச்சல். சூசைரட்ணத்தை அழைத்தார்கள். மத்திய அலையில் முள்ளை நகர்த்தியபோது ஓரிடத்தில் மெல்லிய விசில் கேட்டது. ஒற்றை வால்வுப் பெட்டி அப்படித்தான் விசிலடிக்கும். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். சிற்றலையையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை. துரை முதுகுக்குப் பின்னால் நின்றார். "லயத்துல ஒரு பெட்டி இருக்குங்க," என்று சூசைரட்ணம் சொல்லிவிட்டார்.

பெட்டியைப் பிடுங்கினார்கள். வேலைப் பதிவிலிருந்து மாயாண்டியின் பெயரை வெட்டினார்கள். லயத்தைக் காலி செய்ய ஒரு வாரம்.

துரை கொழும்புக்குப் போயிருந்த சனிக்கிழமை, சூசைரட்ணம் தன் ரேடியோவை மறுபடி திருகினார். இரைச்சல் போகவில்லை. மத்திய அலையில் பலமாகவும், சிற்றலையில் மேலே போகப் போகக் குறைந்தும், எல்லா இடத்திலும் இருந்தது. பெட்டியின் விசில் ஓரிடத்தில்தான் நிற்கும். இப்படிப் பரவுவது தீப்பொறி. ஃபேக்டரியில் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். கொழுந்து உருட்டும் மூன்றாவது ரோலர் நின்றதும் இரைச்சல் அடங்கியது. அதன் மோட்டாரில் காபன் பிரஷ் தேய்ந்து பொறி பறந்திருக்கிறது. அதைக் கவனித்து மாற்ற வேண்டியவர் அவர்தான். மாற்றினார்.

திங்கட்கிழமை பங்களா ரேடியோ தெளிவாகப் பாடியது.

"பாத்தீங்களா சூசை, அவன் பெட்டி போனதும் சுத்தமாயிருச்சு," என்றார் ஃபேக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர்.

"ஆமாங்கையா."

மாயாண்டி லொறி ஏற இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் லயத்துப் பக்கம் இறங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, ஊரே நம்பிய காது பிழை செய்ததென்று ஒப்புக்கொள்ள மனமில்லையா? இரண்டும்தான் என்று பிற்பாடு மனைவி மரியநாயகியிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அவனிடமே போய்ச் சொல் என்றார் சாமியார். அவனைத் தேடிப் பூண்டுலோயாவுக்குப் போனார். மாயாண்டி ரோட்டோரம் கல் உடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இம்புட்டுத் தூரமா வந்தீங்க? உங்க மேல ஒரு கொறையும் இல்லண்ணே. நான் கட்டுன பெட்டிதானே எல்லாத்தையும் கெடுத்துச்சு."

சூசைரட்ணம் அவன் வாங்கித்தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

1963இல் அவர் இறந்தார். மாயாண்டி முதல் பஸ்ஸிலேயே வந்து, குழி மூடும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"என்னால அண்ணனுக்கும் தொரகிட்ட தலகுனிவு. ஒரு வார்த்த திட்டலியே அக்கா," என்றான்.

மரியநாயகிக்கு எல்லாம் தெரியும். அவன் கையிலிருந்த மண்ணைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். அவனிடம் அதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.