நான்கு மணிக்கு எழ வேண்டிய கம்ப்யூட்டர்

ஆள் இல்லாத வீட்டுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று வீட்டு உரிமையாளர் ஒருநாள் காலையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, ஊட்டைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிடறீங்க. உள்ள என்னமோ உய்யுனு இரையுதுங்க. பகலெல்லாம் எனக்குப் பக்குபக்குங்குது."

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன விசிறிச் சத்தம் அது என்றேன். "ஆளே இல்லாத ஊட்டுல அது யாருக்குங்க விசிறுது?" என்று கேட்டார்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. வேலம்பாளையத்தில் ஐந்து வீடுகள் கொண்ட லைனில் குடியிருந்தோம். நான் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். என் மனைவி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவு. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கும் வேலை. கம்பெனி கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, டிவி கார்டு செருகி, எங்கள் டிவியோடு இணைத்திருந்தேன். கேபிள் நிகழ்ச்சி பார்க்கலாம், பதிவும் செய்யலாம். லைனில் இருந்தவர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது உண்மை.

உரிமையாளரின் நிம்மதிக்காக, வேலை இல்லாத நேரத்தில் அதைத் தூங்க வைக்க ஏற்பாடு செய்தேன். தூங்க வைப்பது சுலபம். எழுப்புவதுதான் பாடு. குறித்த நேரத்தில் விழித்துக்கொள்ளும். ஆனால் பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்தபடியே விட்டிருந்தால் அதற்கு டிவி கார்டைத் தெரியாது. திரை கறுப்பாக நிற்கும், சத்தம் வராது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதினேன்: தூங்குமுன் மென்பொருளை மூடு, விழித்ததும் அரை நிமிடம் பொறு, பிறகு புதிதாகத் திற, பதிவு செய், முடிந்ததும் மூடு, மறுபடி தூங்கு.

"பச்சப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு பாடு கிடையாது. தொட்டில் ஒண்ணுதான் கொறை" என்றாள் மனைவி. அவள் தெற்கத்திக்காரி, கேலி செய்யும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் வகுப்பு படித்த எங்கள் மகளை உள்ளூர் கேபிள் சேனலின் சிறுவர் நிகழ்ச்சிக்குப் பள்ளியில் தேர்ந்தெடுத்தார்கள். புதன்கிழமை மாலை நான்கு மணி முதல் நான்கரை வரை. நேரடி ஒளிபரப்பு, அவர்கள் பதிவு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. டீச்சர் அழைத்துப்போவார், மகள் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவள் அவள் அம்மா. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே ஒவ்வொரு வரியாகச் சொல்வாள். மகள் பக்கத்தில் நின்று பாடுவாள்.

புதன்கிழமைக்கு மனைவி விடுப்புக் கேட்டாள். வியாழக்கிழமை ஷிப்மெண்ட். "அக்கா, அன்னிக்கு மட்டும் கேக்காதீங்க" என்று சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டானாம். எனக்கும் அதே கதிதான். வீட்டுக்கு வந்து, "உங்க பொட்டி எடுத்துருமா? உறுதியாச் சொல்லுங்க" என்றாள்.

"நீ நேரில் பார்ப்பதைவிடத் தெளிவாக எடுக்கும்" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாய் இரவு இரண்டு முறை சோதித்தேன். ஐந்து நிமிடம் கழித்து எழு என்றால் எழுந்தது, படமும் சத்தமும் வந்தன, மூடிக்கொண்டு தூங்கியது. நான்கு முதல் நான்கரை வரை என்று குறித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

புதன் இரவு மூவரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். மனைவி முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பதிவு ஓடியது. முதலில் விளம்பரம். நகைக்கடை, மெத்தைக்கடை, மறுபடி நகைக்கடை. அதுவே கால் மணி நேரம் நீண்டது. பிறகு நிகழ்ச்சி. ஒரு பையன் திருக்குறள் சொன்னான். இரண்டு பெண்கள் ஆடினார்கள். தொகுப்பாளினி வந்து, "அடுத்து, மூன்றாம் வகுப்பு மாணவி" என்றாள். பதிவு முடிந்துவிட்டது.

"என்ன இது, நின்னு போச்சு?" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டரில் மணி ஒன்பது இருபது. சுவர்க் கடிகாரத்திலும் ஒன்பது இருபது. என் செல்போனில் ஒன்பது ஐந்து.

எங்கள் கம்பெனியில் கடிகாரங்கள் கால் மணி நேரம் முந்தி ஓடும். ஆட்கள் தாமதமாக வரக்கூடாது என்று முதலாளி செய்த ஏற்பாடு. கேட்டைச் சாத்துவது அந்த மணிக்குத்தான் என்பதால் எங்கள் வீட்டிலும் அதே கம்பெனி மணிதான். கம்பெனியிலிருந்து வந்த கம்ப்யூட்டரும் அந்த மணியோடுதான் வந்தது. சுவரோடு ஒத்துப்போகிறதே என்று நான் தொடவில்லை. கேபிள்காரனுக்கு ஊர் மணி. கம்ப்யூட்டர் மூணே முக்காலுக்கே எழுந்து, நாலே காலுக்குச் சொன்ன சொல் தவறாமல் தூங்கிவிட்டது. முன்னும் பின்னும் கொஞ்சம் நேரம் சேர்த்துக் குறிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு மமதை.

மனைவி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். மகள் அவள் மடியில் கை வைத்து, "நான் நல்லாவே பாடலீங்கம்மா. நடுவுல மறந்துபோச்சுங்க. நீங்க பாக்காததே நல்லதுங்க" என்றாள். மனைவி அவள் தலையைத் தடவினாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும் நேரம், உரிமையாளர் வாசலுக்கே வந்துவிட்டார். மறுபடி இரைச்சல் புகார் என்று நினைத்தேன்.

"அம்மிணி, நேத்து டிவியில பாப்பா பாடுனதைக் கேட்டமுங்க. ஒரு எடத்துல கூடத் தடுமாறலீங்க. என்ற ஊட்டுக்காரி அழுதே போட்டா. நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

மனைவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மறந்துட்டேன்னு ஏன் சொன்ன?"

"நீங்க அழுதீங்க இல்லீங்களா, அதானுங்கம்மா."

மனைவி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஷிப்மெண்ட் நாள். இன்னொரு முறை அடித்தது.

"போகச் சொல்லுங்க" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன்.