யோகண்ணன் சொன்ன இரண்டு நம்பர்கள்

யோகண்ணன் போய்விட்டார். இப்போதுதான் மட்டக்களப்பிலிருந்து அவர் மகள் போன் செய்தாள்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை...

ஓமான் சோஹார் நண்பர்களுக்கு அவரைத் தெரியும். ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்கில் போர்ட் பக்கம் கம்பெனி கம்பெனியாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் ஒரே கேம்ப், ஒரே ரூம், சாரம் கட்டும் ஒரே ஸ்கஃபோல்டிங் டீம்.

நான் அறந்தாங்கிக்காரன். அவர் என்னைவிட மூத்தவர், என்னை "மனே" என்பார். மகனே என்பதை அவர்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஆள் சரியான முரடு. பாத்ரூம் கியூவில் அவரோடு சண்டை போடாத ஆள் கேம்பில் கிடையாது. அவர் சமையல் முறை வந்தால் மீன் குழம்புக் காரத்தில் மொத்த ரூமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிடும். வாயைத் திறந்து குறை சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் வராது.

ஒரு விஷயம் மட்டும் அவரிடம் வினோதமாக இருக்கும்.

பஸ் ஏறும் முன் டைம்கீப்பர் கான் பாய் எங்களை வரிசையில் நிறுத்துவார். ஏக், தோ, தீன் என்று ஒவ்வொருவரும் தன் நம்பரைக் கத்த வேண்டும். கவுண்ட் சரியாக வந்தால் "யல்லா", பஸ் கிளம்பிவிடும். மனுஷன் போனிலிருந்து தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்.

வரிசையில் அண்ணனுக்கு அடுத்து நான். நான் வரக் கொஞ்சம் லேட்டானால், அவர் தன் நம்பரைக் கட்டைக் குரலில் கத்திவிட்டு, என் நம்பரைக் கீச்சுக் குரலில் சொல்லிவிடுவார். எங்களுக்கெல்லாம் சிரிப்பை அடக்கவே முடியாது. "மிமிக்ரி யோகு" என்று ஓட்டித் தள்ளுவோம்.

அவர் மட்டும் சிரித்ததில்லை. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை...

ஒரு ஜூன் மாதம். வெயிலும் கடல் புழுக்கமும் சேர்ந்து ஆளைப் பிழிந்து எடுத்த நாள். வேலை முடிந்து ஸ்பேனரை எடுக்கப் போன இடத்தில், பைப் ரேக் அடியில் தலை சுற்றி விழுந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

வெளியே வரிசையில் கவுண்ட் சரியாக வந்திருக்கிறது. பஸ் போய்விட்டது.

ரவுண்டபவுட் தாண்டும்போதுதான் அண்ணன் பக்கத்து சீட்டைப் பார்த்திருக்கிறார். "ரோக்கோ பாய், ரோக்கோ! என்ட ஆள் ஏறல்ல!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "கவுண்ட் ஓகே ஹை பாய், கலாஸ்" என்று பேச்சை முடித்துவிட்டானாம்.

அண்ணன் போய் ஸ்டியரிங்கையே பிடித்துவிட்டார். பஸ் நின்றதும் இறங்கி, அந்தச் சூட்டில் சைட் வரை ஓடியிருக்கிறார்.

நான் கண் திறந்தபோது அவர் தோளில் கிடந்தேன். கேட்டை நோக்கி ஓடிக்கொண்டே அழுகிறார். "இரிக்காய்தானே மனே... இரிக்காய்தானே..."

மறுநாள் ரூமில்தான் சொன்னார். அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

அவர் ஊரில் சண்டை நடந்த காலம். பதினாறு வயது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவரை மறித்து லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். சண்டைக்கு ஆள் வேண்டும். மீசை அரும்பியிருந்தால் போதும்.

"யாருண்ணே பிடிச்சது?"

"ஆர் பிடிச்சா என்ன மனே. அம்மா ரோட்டில விழுந்து கத்தினா. லொறி நிக்கல்ல."

ஒரு பள்ளிக்கூட மைதானம்தான் பயிற்சி முகாம். தப்பி ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று எல்லாருக்கும் மொட்டை. துப்பாக்கிக்குப் பதில் கையில் ஒரு தடி. காலையும் மாலையும் வரிசையில் நின்று நம்பர் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் குறைந்தாலும் வரிசை முழுவதற்கும் அடி, ஓடியவனைத் தேடி ஆள் கிளம்பும்.

பக்கத்தில் நின்றவன் ரவி. அதே டியூஷன், அதே லாரி. ஒரு நாள் மாலை வரிசையில் ரவியைக் காணோம்.

"ஓடிட்டான் எண்டு நினைச்சன் மனே. எனக்குச் சந்தோசம். தூரப் போய்ச் சேரட்டும் எண்டு அவன்ட நம்பரையும் நானே சொன்னன். குரல மாத்தி."

எண்ணிக்கை சரி. யாரும் தேடவில்லை.

"அவன் ஓடல்ல. கிணத்துக்கு அங்கால பத்தைக்குள்ள பாம்பு கடிச்சுக் கிடந்திரிக்கான். அடுத்த நாள்தான் கண்டம். தேடியிருந்தா உசிரோட எடுத்திரிக்கலாம்..."

அதற்குப் பிறகு பக்கத்து இடம் காலியாக இருந்தால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறதாம். "நான் சொல்றல்ல மனே. அது வருகுது."

இதற்குத்தான் நாங்கள் அத்தனை நாளும் சிரித்திருக்கிறோம்.

அன்றிலிருந்து கான் பாயிடம் கேட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார், அடுத்து ஆளே வராத இடத்தில். தன் நம்பரைச் சொல்லி முடித்த பிறகும் அவர் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீடியோ காலில் காட்டினாள். எலும்பும் தோலுமாக... என்னை அடையாளம் தெரியவில்லை. யாரென்று நினைத்தாரோ, படுத்தபடியே உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு, "சேர், எண்ணிக்கை பிழை. ஒருத்தன் குறையிறான். தேடுங்க சேர்" என்றார்.

மகள், "அப்பா என்ன சொல்றார் மாமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"கிடைச்சுட்டான்ணே. உசுரோட இருக்கான்" என்றேன்.

கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அவனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க சேர்" என்றார்.

"குடுத்துட்டேன்ணே."

போய் வாருங்கள், யோகண்ணே.