கூசாத கால்

ஹைதராபாத்துக்கு மென்பொருள் வேலைக்கு வந்த சில வருடங்களில் என் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்க ஆரம்பித்தது. ஆபீஸ் ஏசியைத் திட்டினேன். ஷூவை மாற்றினேன். சர்க்கரை பார்க்கச் சொன்ன மனைவியிடம் எரிந்து விழுந்தேன். பிறகு அந்தக் குறுகுறுப்பு தானாகவே நின்றுவிட்டது. “பாத்தியா, சரியாப் போச்சு” என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு காலை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆபீஸ் போன் பேசி முடித்துவிட்டுக் குனிந்தேன். வலது கால் நகங்கள் எல்லாம் சிவப்பு நெயில் பாலிஷ். மேஜைக்கு அடியில் என் மகள், நான் துள்ளாத ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் பாதத்தில் பட்டாலே கூச்சத்தில் கத்துகிறவன் நான்.

சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட வாய் வரவில்லை. இடது காலை நீட்டினேன்.

“இதுலயும் போட்டு விடும்மா.”

கண்களை இறுக மூடிக்கொண்டு, பாலிஷின் ஈரம் படுவதற்காகக் காத்திருந்தேன். குக்கர் விசில் அடித்தது. ஈரம் படவில்லை.

“ம், ஆரம்பி” என்றேன்.

தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

“அயிப்போயிந்தி அப்பா.”

முடிந்துவிட்டதாம்.