ஆகாத பழைய முகவரி

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை பிடித்து வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வெப்சைட் என்றால் என்ன என்று விளக்குவதிலேயே பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை எடுத்தவர் பழனியில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர்.

பழனியில் தங்க இடம் என்று யார் தேடினாலும், அவருக்கு நான் செய்த பக்கம்தான் தேடுபொறியில் முதலில் வரும். வெளியூர்க் குடும்பங்கள் அதைப் பார்த்துப் போன் செய்து, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முன்கூட்டியே அறை சொல்லி வைத்தார்கள். மற்ற லாட்ஜ்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் ஆள் நிறுத்தி யாத்திரிகர்களின் பையைப் பிடித்து இழுத்தபோது, இவர் மட்டும் கல்லாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிர் லாட்ஜ்காரருக்கு வயிறு எரிகிறது என்று சந்தோஷமாகச் சொல்வார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக ஒரு வாஸ்துக்காரர் வந்து சேர்ந்தார். வாசலைக் கிழக்கே திருப்பு, லாட்ஜ் பேரை மாற்று, பழைய பேர் எங்கேயும் இருக்கக் கூடாது என்றார். இவர் போர்டை உடைத்தார். பேர் அச்சடித்த தலையணை உறைகளைக்கூட விடவில்லை, மொட்டை மாடியில் போட்டு எரித்தார். பிறகு எனக்குப் போன் வந்தது.

புதுப் பேரில் புது இணைய முகவரி வாங்கி, பழையதைத் தட்டினால் புதியது திறக்கும்படி நிரந்தர ரீடைரக்ட் போட்டேன். வீடு மாறும்போது தபால்காரரிடம் புது விலாசம் சொல்லி வைப்பதுபோலத்தான். தேடுபொறியும் அதைப் பார்த்து, இவரும் அவரும் ஒருவர்தான் என்று புரிந்துகொண்டு, பழைய மதிப்பைப் புதியதற்கு மெதுவாக மாற்றிக் கொடுக்கும். கொஞ்ச நாள் தடுமாறி, மறுபடி முதலிடத்துக்கு வந்தோம். நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

“ஏனுங்க, பழைய பேர அடிச்சுப் பாத்தனுங்க. இன்னும் உசுரோட இருக்குதே?”

“அது இருந்தாத்தாண்ணே புதுசு மேல நிக்கும். அத எடுத்தா கீழ போயிரும்.”

“பழைய வாசலையே செங்கல் வெச்சு அடைச்சுட்டனுங்க. இதையும் அடைச்சுடுங்க.”

“அண்ணே, செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்க.”

“வாஸ்துக்காரரு சொன்னா காரணம் இருக்குமுங்க.”

நான் மறுத்துவிட்டேன். ஆனால் பழைய முகவரி அவர் பேரில் இருந்தது. வருஷப் பணம் கட்டி அதைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. நானே புதுப்பிக்கிறேன் என்றதற்கு, கொல்லச் சொன்னால் வளர்க்கிறேன் என்கிறீர்களே என்று கோபித்துக்கொண்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு. முகவரி காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

பங்குனி உத்திரம் நெருங்கியபோது அழைத்தார். “போனே அடிக்க மாட்டேங்குதுங்க.” தேடிப் பார்த்தேன். அவர் லாட்ஜ் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. முதலில் நின்றது எதிர் லாட்ஜ். சந்தேகப்பட்டுப் பழைய முகவரியைத் தட்டினேன். எதிர் லாட்ஜின் பக்கம் திறந்தது. இவர் கைவிட்டதை அந்த லாட்ஜ்காரர் எடுத்து, நான் போட்டதைப் போலவே ஒரு நிரந்தர ரீடைரக்ட் போட்டுத் தன் பக்கம் திருப்பியிருந்தார். நான் வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த மதிப்பு தெருவைக் கடந்து போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

உத்திரத்துக்கு முதல் நாள் பழனிக்குப் போய் அவரிடம் கத்தினேன். கல்லாவுக்குப் பின்னால் அறைச் சாவிகள் அத்தனையும் ஆணியிலேயே தொங்கின. அவர் எழுந்து தெருவுக்கு வந்தார். எதிர் லாட்ஜ் முன்னால் ஒரு வேன் நின்றது. வருஷந்தோறும் இவரிடம் தங்கும் பெங்களூர்க் குடும்பம் அதிலிருந்து இறங்கியது. குடும்பத் தலைவர் இவரைப் பார்த்ததும் தெருவைக் கடந்து வந்தார்.

“என்ன சார், இங்க நிக்கிறீங்க? எப்பவும் அடிக்கிற அட்ரஸ்தான் அடிச்சோம், அந்த லாட்ஜ் வந்துச்சு. நீங்கதான் எதிர்ல மாறிட்டீங்கன்னு நெனச்சு அட்வான்ஸ் கட்டிட்டோம்.”

இல்லை, நீங்கள் எப்போதும் தங்கும் லாட்ஜ் இதுதான், பேர்தான் மாறியிருக்கிறது என்று சொல்ல, பழைய பேரை வாயால் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அவர் சொல்லவில்லை.