கம்பம் சாய்ந்த பகல்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பகல். வாலிநோக்கம் கடற்கரையில் நாங்கள் நட்டிருந்த இரும்புக் கம்பம் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தலைமைப் பொறியாளர் கருவிப் பெட்டியின் மீது குனிந்திருந்தார். கம்பத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பி உப்புக் காற்றில் துருவேறி அறுந்த சத்தம் உப்பளம்வரை கேட்டிருக்கும். “அய்யா, கம்பம் சாயுது, ஓடுங்க!” என்று எங்களிடம் வேலைக்கு வந்திருந்த மீனவர் கத்தினார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பவேயில்லை. ஒரு முழம் தள்ளிக் கம்பம் தரையில் அறைந்து, மணல் முகத்தில் தெறித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

கடலுக்கு மேலே வானொலி அலைகள் எப்போது வலுக்கின்றன, எப்போது மங்குகின்றன என்று கண்டறிவதுதான் எங்கள் வேலை; அந்த அலைகளைப் பிடிக்கத்தான் அந்தக் கம்பம். தகவல் தொடர்பு ஆராய்ச்சியில் அவருக்கிருந்த பெயரைக் கேட்டுத்தான், மின்னணுப் பொறியியல் முடித்த கையோடு அவரிடம் வந்து சேர்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அவர் அமர்ந்திருப்பதைப் பார்த்து, இந்தக் காதுக்கு எதுவும் தப்பாது என்று வியந்திருக்கிறேன்.

முகத்து மணலைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

“எனக்குக் காது கேக்காதுப்பா. ஒண்ணு முன்னாலயே போச்சு, இன்னொண்ணு இந்த வருசம்.”

“என்னய்யா சொல்றீக? நேத்துக்கூட எங்கிட்ட நல்லாத்தான பேசுனீக!” என்றார் மீனவர்.

“உன் வாயசைவைப் பாத்துத்தான் பேசுனேன்.”

ஹெட்போனில் ஒன்றுமே கேளாமல், மீட்டரின் முள்ளை மட்டும் பார்த்து அந்த வருடத்தின் அத்தனை அளவுகளையும் எடுத்திருக்கிறார். அவற்றில் பிழையில்லை என்று பின்னால் நானே சரிபார்த்தேன். அப்போதும் அதிர்ச்சி அடங்கவில்லை.

அன்றைக்கே மேலிடத்துக்கு உண்மையை எழுதிப் போட்டார். வேண்டாம் என்று கெஞ்சினேன். “இன்னிக்கு என் தலைக்கு மேல சாஞ்சுச்சு. நாளைக்கு நீ மாட்டிக்கிட்டா, நீ கூப்பிடுறது எனக்குக் கேக்காதேப்பா,” என்றார்.

வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே கருவிகள் வடிவமைத்தார், களத்துக்குத் திரும்பவேயில்லை. இன்று நடுக்கடலிலிருந்து மீனவர்கள் வீட்டோடு சாதாரணமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் புறப்பட்ட நாள்தான் என் முன்னால் வந்து நிற்கிறது.

அன்று கரையில் அருகருகே நின்றோம். பக்கத்தில் இருப்பவர் பேச்சுகூடக் காதில் விழாத அளவுக்கு அலை அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கடலையே பார்த்திருந்தவர் என் பக்கம் திரும்பி, என் காதருகே குனிந்து கேட்டார்:

“கடல் இரையுதா?”

“இரையுது சார்,” என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் தலையசைத்தார்.